ஓரொலியில் பல எழுத்து: ‘சுசுமு’ என்னும் ஜப்பானியப் பெயர்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் குர்ஆன் மத்ரஸாவின் பாயில் அமர்ந்து ஓதப் பழகும் பிள்ளைகளுக்கு, ஓதிக்கொடுக்கும் லெவ்வைமார் சொல்லிவைக்கும் எச்சரிக்கைகளுள் ஒன்று ‘கல்பு’ என்னும் சொல்லைப் பற்றியது. அடிநாவில் பிறக்கும் எழுத்தைக் கொண்டு உச்சரித்தால் அது இருதயம். அதற்குச் சற்று முன்னே மெல்லெனப் பிறக்கும் வேறோர் எழுத்தைக் கொண்டு உச்சரித்தால் அது நாய். தமிழில் எழுதும்போது இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடுவது மட்டுமன்று, அவ்விரண்டு அறபு எழுத்துகளின் பெயர்களுங்கூடக் ‘காஃப்’ என்றே ஒன்றாகிவிடுகின்றன. ஓரொலிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து மறைந்திருக்கும் என்பதைப் பால்ய வயதிலேயே அறிந்துகொள்ளும் இக்கரை மக்களுக்கு, ஜப்பானிய ஆண்பெயர்களுள் ஒன்றான ‘சுசுமு’வைப் பற்றி விளக்குவது சுலபமான காரியம் என்றே கருதுகிறேன்.

2025 ஒக்டோபரில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் சுசுமு கிதகாவா என்பவரும் ஒருவர் என்று அறிவிக்கப்பட்டபோது, தமிழ் படித்தவர்களுள் பலருக்கு வேறொரு சுசுமு ஞாபகத்துக்கு வந்திருப்பார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் பந்தம் உண்டென்று இறுதிவரை வாதித்த பேராசிரியர் சுசுமு ஓனோவே அவர். ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைப்பவர்கள். ஆகையால் அவர்கள் நாட்டில் அவர் ஓனோ சுசுமு. தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் முன்னெழுத்துகளாய்ச் சுருங்கி, சொந்தப் பெயர் கடைசியில் வந்து நிற்கும் நம்மூர் வழக்கத்துக்கு அது அவ்வளவு அந்நியமானதன்று.

‘சுசுமு’ என்பது ஜப்பானிய மொழியில் ஒரு வினைச்சொல். முன்னே செல்லுதல், அபிவிருத்தி அடைதல் என்பது அதன் பொருள். வினைச்சொல்லை அப்படியே பிள்ளைக்குப் பெயராக இடும் வழக்கம் அங்கே உண்டு. காத்தலைக் குறிக்கும் ‘மமொரு’வும், மேலே ஏறுதலைக் குறிக்கும் ‘நொபொரு’வும், கதிர் முற்றி விளைதலைக் குறிக்கும் ‘மினொரு’வும் அவ்வாறு பிறந்த பெயர்களே. காக்கும் வினையிலிருந்து பிறந்த ‘ஹாபிழ்’ என்னும் அறபுப் பெயரை அறிந்தவர்களுக்கு மமொருவின் கருத்து தானே விளங்கும். சுசுமுவை ஜப்பானியர் தம் ஓசையெழுத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. தமிழிலும் சு, சு, மு என மூன்றே எழுத்து. முதலெழுத்தின் உகரத்தை அவர்கள் நிறைவாக ஒலிப்பதில்லை. நம் இலக்கணத்தார் குற்றியலுகரம் என்பதைப் போல அது தேய்ந்து, காதுக்கு ஏறக்குறைய ‘ஸ்சுமு’ என்றே கேட்கும்.

ஆனால் மனிதரின் பெயரை அவர்கள் பெரும்பாலும் ஓசையெழுத்தில் எழுதுவதில்லை; சீனத்திலிருந்து பெற்ற பொருளெழுத்துகளால் எழுதுகிறார்கள். ‘சுசுமு’ என்று வாசிக்கத்தக்க பொருளெழுத்துகளோ பல. அவற்றுள் மிகப் பழக்கமான ஒன்று, குறுவால் பறவையின் உருவையும் நடையின் குறியையும் சேர்த்து அமைந்தது. இன்னொன்று பண்டைச் சீனத்தில் ஓர் அரசின் பெயராகவும் வழங்கியது. வேறொன்று, சீனரின் பழைய நிமித்த நூலில் ஆகாயத்தைக் குறிக்கும் முதற்குறியின் பெயர். அதே எழுத்தைச் சாதாரண வழக்கில் உலர்தல் என்றும் வாசிப்பார்கள். பெற்றோர் எதைத் தேர்ந்தார்கள் என்று அறியாமல், பெயரைச் செவியால் மட்டும் கேட்ட ஒருவர் அதை எழுத இயலாது. எழுத்தை மட்டும் கண்டவர் ஐயமின்றி உச்சரிக்கவும் இயலாது. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், ஜப்பானின் குடும்பப் பதிவேடு எழுத்தையே பதிந்து வந்ததேயன்றி, அதை எவ்வாறு வாசிப்பது என்பதைச் சட்டப்படி பதியவேண்டும் என்னும் ஏற்பாடு 2025 மே 26 அன்றுதான் அமுலுக்கு வந்தது.

நம் சங்கடம் இதற்கு நேர்மாறானது. அறபியில் ஒரே விதமாக எழுதப்படும் ஒரு பெயர், இக்கரையிலே முகம்மது, முஹம்மத், முஹம்மட், மொஹமட் என்று பலவாறு எழுதப்பட்டு, பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் இடையே முரண்பட்டு, மனிதரை அலையவைக்கிறது. பெயரிடும் நாளிலோ இரு நாட்டார்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நம்மவர் ஏழாம் நாள் முடி களைந்து அகீகா கொடுத்துப் பெயர் வைப்பதைப் போல, ஜப்பானியரும் பிள்ளை பிறந்த ஏழாம் இரவில் பெயரைத் தூரிகையால் காகிதத்தில் எழுதி, வீட்டுச் சுவரில் தொங்கவிடும் வழக்கமுடையவர்கள். நம் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது காதில் சொல்லப்படும் பாங்கொலி. அவர்கள் பெயரைக் கொண்டாடுவதோ கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக.

எழுத்தின்றி ஒலி மட்டும் வந்து சேர்வது எத்தகையது என்பதை இந்தக் கடற்கரையைவிட நன்றாக அறிந்த இடம் அதிகமிராது. 2004 டிசம்பர் 26க்கு முன் இங்கே பெரும்பாலோர் கேட்டறியாத ‘சுனாமி’ என்னும் சொல், அந்த ஒரு காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன பின், சிறு பிள்ளையின் வாயிலும் நிலைத்துவிட்டது. அச்சொல்லுக்குள்ளே துறையைக் குறிக்கும் எழுத்தொன்றும் அலையைக் குறிக்கும் எழுத்தொன்றும் இருக்கின்றன என்பதை நாம் அறியவில்லை. சொல்லின் ஒலி நம்முடையதாயிற்று. எழுத்து அவர்களிடமே தங்கிவிட்டது.

பெயர்களிலும் இதுவே நேர்கிறது. தமிழில் ‘சுசுமு ஓனோ’ என்று எழுதினால் அது இருவரைக் குறிக்கும். இருவரும் உலகப் பிரசித்தி பெற்றவர்கள். ஒருவர் 1928இல் சியோலில் பிறந்து, கலிபோர்னியாவில் ஆய்வு நடத்தி, 2000இல் மறைந்த மரபணு விஞ்ஞானி. பெண்ணுடலின் உயிரணுவில் சுருண்டு கிடக்கும் சிறு புள்ளி ஓர் எக்ஸ் நிறமூர்த்தமே என்று காட்டியவர் அவர். மரபணுக்கள் இரட்டிப்பதனாலேயே புதிய உயிர்க்குணங்கள் தோன்ற இடம் பிறக்கிறது என்று 1970இல் அவர் எழுதிய நூல், அத்துறையின் ஆதார நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. மற்றவர் 1919 ஆகஸ்ட் 23 அன்று டோக்கியோவில் பிறந்து 2008 ஜூலை 14 அன்று மறைந்த மொழியறிஞர். விஞ்ஞானியின் பெயரெழுத்து ஆகாயத்தைக் குறிப்பது. மொழியறிஞரின் பெயரெழுத்து பண்டை அரசின் பெயரைத் தாங்கியது. ஜப்பானியர் கண்ணுக்கு அவர்கள் ஒருபோதும் ஒருவராகத் தோன்றார். தமிழிலோ, அடைமொழி ஒன்றைச் சேர்த்தாலன்றி வேறுபடுத்த வழியில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் பலர் வாழும்போது பட்டப்பெயரும் குடிப்பெயரும் சேர்த்து இன்னாரென்று அறிந்துகொள்ளும் நம்மவர்க்கு இது புதிதன்று.

மொழியறிஞர் ஓனோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; அவர் பெயரை நாம் அறிந்த அளவுக்கு அவர் செய்ததை அறிந்தோமில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. தமிழைத் தொடுவதற்கு முன்பே அவர் தம் நாட்டில் முதல்வரிசைப் பண்டிதர். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற, நாலாயிரத்தைந்நூறு பாடல்கள் கொண்ட ‘மன்யோஷு’வுக்கு உரைகண்ட அறிஞர்களுள் ஒருவர், பழஞ்சொல் அகராதியொன்றை 1974இல் வெளியிட்டவர். அவர் 1999இல் பொதுமக்களுக்காக எழுதிய மொழிப்பயிற்சி நூலொன்று பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. இத்தகைய ஸ்தானத்தில் இருந்த ஒருவர், அறுபது வயதை எட்டிய பருவத்தில், தமிழை அரிச்சுவடியிலிருந்து தொடங்கிக் கற்று, சென்னையில் தமிழறிஞர் பொற்கோவுடனும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியருடனும் சேர்ந்து உழைத்து, தம் நாட்டு அறிஞர்களின் கடுமையான கண்டனத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார். யாழ் நூலுக்காக வருடக்கணக்கில் கணக்கிட்டு உழைத்த விபுலானந்த அடிகளைப் பெற்ற காரைதீவு நமக்கு அடுத்த ஊர். அவ்வுழைப்பின் பாரம் எத்தன்மையது என்பதை இவ்வூரார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஓனோவின் வாதத்துக்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில், சனவரி நடுவில் வரும் ‘சிறு புத்தாண்டு’ நாளில், ‘ஹொங்கா, ஹொங்கா’ என்று கூவும் வழக்கம் ஒன்று இருந்ததை அவர் கண்டார். பண்டை ஜப்பானிய மொழியின் பகரம் காலக்கிரமத்தில் தேய்ந்து ஹகரமாயிற்று என்பது யாவரும் ஒப்பிய முடிபு. ஆகவே அக்கூவல் ஆதியில் ‘பொங்கா’ என்று இருந்திருக்க வேண்டும் என்று கொண்டு, பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தைப்பொங்கலன்று எழும் ‘பொங்கலோ பொங்கல்’ என்னும் குரலோடு அதை இணைத்தார். வயலைக் குறிக்கும் ‘தம்போ’வைச் சேற்று நிலத்தைக் குறிக்கும் ‘தம்பல்’ என்னும் நம் சொல்லோடும், நெகிழ்ந்த துயரைக் குறிக்கும் ‘அவரெ’யை ‘அவலம்’ என்பதோடும் ஒப்பிட்டார். இவ்வாறு நூற்றுக்கணக்கான இணைகள்.

கேட்கும்போது மனம் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியிலேதான் அபாயமும் இருக்கிறது. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்த சொற்கள் எந்த இரு மொழிகளிலும் தற்செயலாக அகப்படும். அவ்வொப்புமை விதிப்படி, விலக்கு மிகாமல், தொடர்ந்து வருகிறதா என்பதே பரீட்சை. அப்பரீட்சையில் ஓனோவின் இணைகள் தேறவில்லை என்பதே ஒப்பியல் மொழியியலாரிற் பெரும்பான்மையோரின் அபிப்பிராயம். அவருங்கூடப் பிற்காலத்தில் தம் கொள்கையைத் திருத்தி, ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்த மொழி என்னாமல், நெல்லும் இரும்பும் நெசவும் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே போனபோது சொற்களும் உடன்போய்க் கலந்தன என்றே வாதித்தார். அதையும் உலகம் ஏற்கவில்லை. இருந்தும், ஜப்பானிய மொழி தமிழின் பிள்ளை என்று ஓனோ நிரூபித்துவிட்டதாக மேடைகளில் முழங்குகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு வேதனையே மிஞ்சுகிறது. அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது, முப்பதாண்டுக் காலத் தவத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சங்கப் பாடல்களை ஜப்பானிய வாசகர்முன் அவர் கொண்டுபோய் வைத்தாரே, அது ஒன்றுக்கே நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

அதே ‘மன்யோஷு’வில் ஆயுளைச் செலவிட்ட இன்னொரு சுசுமுவும் உண்டு. 1929இல் பிறந்த நக்கனிஷி சுசுமுவே 2019இல் புதிய பேரரசரின் காலத்துக்கு ‘ரெய்வா’ என்னும் பெயரை, அத்தொகையின் முகவுரையொன்றிலிருந்து, முன்மொழிந்தவர் என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. திரைப்பட இயக்குநர் குரோசாவாவின் முதற்படத்தில், 1943இல், கதாநாயகனாக நடித்த ஃபுஜிதாவும் ஒரு சுசுமு.

நோபல் பரிசுபெற்ற சுசுமுக்கள் இருவர். இருவருக்கும் பெயரெழுத்து அந்தப் பறவையெழுத்தே, இருவரின் குடும்பப் பெயரிலும் ஆறு ஓடுகிறது, இருவரும் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். 1987இல் மருத்துவத்துக்கான பரிசைத் தனியொருவராகப் பெற்ற தொனெகாவா, எண்ணிறந்த கிருமிகளுக்கு எண்ணிறந்த எதிர்ப்பொருள்களைச் சொற்ப மரபணுக்கள் எவ்வாறு உண்டாக்குகின்றன என்னும் புதிரை அவிழ்த்தார்: மரபணுத் துண்டுகள் இடம் மாறி, புதிது புதிதாக ஒட்டிக்கொள்கின்றன என்பதே விடை. 1951இல் பிறந்த கிதகாவா, உலோக அணுக்களையும் கரிமச் சேர்மங்களையும் கோத்துக் கட்டிய நுண்துளைச் சட்டகங்களுக்குள் வாயுக்கள் புகுந்து வெளிவரக்கூடும் என்று 1997இல் காட்டியவர். அவருடன் பரிசைப் பகிர்ந்தவர்கள் அவுஸ்திரேலியாவில் பணிபுரியும் ரிச்சர்ட் ராப்சனும், அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்த ஒமர் யாகியும். யாகி செய்த சட்டகம் ஒன்றின் சில கிராமுக்குள் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பு அடங்கும். அத்தகைய பொருளொன்றைக் கொண்டு பாலைவனக் காற்றிலிருந்து குடிநீரும் எடுத்துக்காட்டினார்.

கிதகாவாவின் பெயரில் உள்ள பறவையை நம் செய்தித்தாள்கள் அச்சிட இயலவில்லை. ஒமர் யாகியின் பெயரிலுள்ள ‘ஐன்’ என்னும் எழுத்தையும் ‘கைன்’ என்னும் எழுத்தையும் அவை அச்சிட இயலவில்லை. ஆனால் அப்பெயரை அறபியில் எழுதி நீட்டினால், கல்முனைக்குடியின் மத்ரஸாப் பிள்ளை அவ்விரண்டையும் தொண்டையின் அந்தந்த இடத்திலிருந்து பிசகாமல் வாசித்துக் காட்டும்.