முதல் குண்டுக்கு மட்டும் திக்கும் கேம்

திரையில் குண்டு வெடிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் காட்சி உறைந்து நின்றுவிட்டு மறுபடி ஓடுகிறது. அடுத்த குண்டு வெடிக்கும்போது ஒரு சிக்கலும் இல்லை. லட்ச ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு போட்டவருக்கும் இதே கதிதான்.

காரணம் ஷேடர். ஒளி எப்படி விழ வேண்டும், புகைக்கு என்ன நிறம் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சிறு நிரல் அது. பிளேஸ்டேஷன் 5-இல் என்ன சிப் இருக்கிறது என்பது கேமை உருவாக்கியவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் ஷேடரை அந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றியே கொடுத்துவிடுகிறார்கள். கணினியிலோ என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று ஆளுக்கொரு சிப். மாற்றும் வேலையை, ஷேடர் முதன்முதலில் தேவைப்படும் நேரத்தில், அவரவர் கணினியின் சிபியூதான் செய்தாக வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் ஓட, ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. கனமான ஷேடர் ஒன்று அதைப்போலப் பல மடங்கு நேரத்தை விழுங்கிவிடும். ஒருமுறை மாற்றியதைச் சேமித்துவைப்பதால் அடுத்த குண்டுக்குத் திக்கல் இல்லை.

இதற்கு ரசிக்கத்தக்க தீர்வு கண்டது, பழைய கேம்கியூப் கன்சோலின் கேம்களைக் கணினியில் ஓட்டும் டால்பின் எமுலேட்டர் குழு. 2017-இல் அவர்கள் ராட்சத ஷேடர் ஒன்றை எழுதினார்கள். கேம்கியூப் சிப் நிறத்தைக் கணக்கிடும் முறை முழுவதையும் அது ஒன்றே நடித்துக் காட்டும். உரிய ஷேடர் பின்னணியில் தயாராகும் வரை ராட்சதன் படம் வரைவான், தயாரானதும் ஒதுங்கிக்கொள்வான். கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமைதான், ஆனால் திக்கல் போயிற்று.

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கேம் தொடங்குமுன்பே எல்லா ஷேடரையும் மாற்றிவைக்கின்றன. 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’-இல் இந்த வேலை முடியவே சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பிடிக்காத கேமைத் திருப்பிக் கொடுக்க, கேம் விற்கும் ஸ்டீம் தளம் அனுமதிப்பதோ 2 மணி நேர விளையாட்டுக்குள்! காத்திருந்ததும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது.

2022-இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தயார் ஷேடர்களை டவுன்லோடாகவே அனுப்புகிறது. கருவிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சிப் என்பதால் அது முடிகிறது. 2025 அக்டோபரில் வந்த ஆசுஸின் எக்ஸ்பாக்ஸ் கையடக்கக் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட்டும் இந்த வழிக்கு வந்தது.

மற்றவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ‘ஷேடர் தயாராகிறது’ என்று வந்தால் அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. எஸ்எஸ்டி போட்டால் லோடிங் நேரம் குறையும்; இந்தத் திக்கலுக்கு அது மருந்தல்ல. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்துவைத்த ஷேடர்கள் பெரும்பாலும் செல்லாமல் போகும். அன்று முதல் குண்டு மறுபடியும் திக்கக்கூடும்.