கழல மறுக்கும் சக்கரம்

காரின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால், ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிடலாம் என்பது கார் வைத்திருப்போரின் பொதுவான நம்பிக்கை. ஆனால் அலாய் வீல் பொருத்திய கார்களில், எல்லா நட்டுகளையும் கழற்றிய பிறகும் சக்கரம் இம்மியும் நகராமல் நிற்பது அரிதன்று. கையால் இழுத்தும் அசையாத அந்தச் சக்கரத்தைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்டு பிடித்திருக்கிறதோ என்ற ஐயம் எவருக்கும் எழும். உண்மையில் அதைப் பிடித்திருப்பது, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு இடையே மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நடந்த ஒரு வேதிவினையின் விளைபொருளே. பிடிப்பின் காரணம் வேதியியலில் இருப்பதால், அதற்கு முரட்டு பலத்தில் விடை தேடுவது சக்கரத்துக்கும் கேடு, கழற்றுபவருக்கும் ஆபத்து.

ஒட்டிக்கொள்ளும் இடம்

சக்கரத்தைத் தாங்கிச் சுழல்கின்ற இரும்புப் பகுதியே ஹப். அதன் முன்புறம் தட்டையான முகப்பாக இருக்கும். அதிலிருந்து நட்டுகள் ஏறும் நான்கு அல்லது ஐந்து ஸ்டட்டுகள் வெளியே நீண்டிருக்கும். நடுவில் வட்டமான ஒரு கழுத்துப் பகுதி சற்றே துருத்தி நிற்கும். சக்கரத்தின் நடுத்துளை இந்தக் கழுத்தின் மேல் ஏறி உட்கார்வதால்தான் சக்கரம் அச்சின் மையத்தில் பிசகாமல் அமர்கிறது. மையம் பிசகினால் ஓட்டத்தில் அதிர்வு உண்டாகும் என்பதால், துளைக்கும் கழுத்துக்கும் நடுவில் மிக மெல்லிய இடைவெளியே விடப்படுகிறது. முகப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில், வார்ப்பிரும்பால் ஆன பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதி பெரும்பாலான கார்களில் சிக்கியிருக்கும். ஆக, அலாய் வீல் இரண்டு இடங்களில் இரும்பைத் தொடுகிறது: ஒன்று தட்டையான முகப்பு, மற்றொன்று கழுத்தைச் சுற்றிய வளையம். சக்கரம் இறுகுவதற்கு முதன்மையான இடம் இந்த வளையமே.

அலாய் வீல் என்பது சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியக் கலவையை வார்த்துச் செய்யப்படுவது. எஃகுச் சக்கரங்களும் துருவேறி ஒட்டுவது உண்டு என்றாலும், அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் சிக்கல் கூடுதலாவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

இரு உலோகங்களும் ஈரமும்

வெவ்வேறு இயல்புள்ள இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கையில், அயனிகள் கரைந்த நீர் இரண்டையும் நனைத்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அரிபடுகிறது. மற்றொன்று ஓரளவு காக்கப்படுகிறது. இதை மின்வேதி அரிமானம் என்பர். அலுமினியத்தின் நியம மின்முனை மின்னழுத்தம் −1.66 வோல்ட், இரும்பினுடையது −0.44 வோல்ட். அலுமினியத்தின் மேற்பரப்பில் இயற்கையாகவே படியும் ஆக்சைடு படலம் ஒரு கவசமாக நின்று நடைமுறையில் இந்த வேறுபாட்டின் விளைவைக் குறைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகளோ அந்தக் கவசத்தை ஆங்காங்கே துளைத்துவிடுவதால், உப்புநீர் பட்ட இடத்தில் அலுமினியம் அரிபடத் தொடங்கி, வெண்மையான பொடியாக மாறுகிறது. ஈரமும் காற்றும் படும் இரும்பும் தன் பங்குக்குத் துருப்பிடிக்கிறது.

அரிமானத்தால் உலோகம் குறைவதால் இடைவெளி பெரிதாகி, சக்கரம் தளர வேண்டும் என்று தோன்றலாம். நடப்பது இதற்கு நேர்மாறானது. அலுமினிய ஹைட்ராக்சைடு, தான் உருவாகக் காரணமான உலோகத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரும்புத் துருவும் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். மெல்லிய இடைவெளிக்குள் இந்த விளைபொருள்கள் பருத்து நெருக்கும்போது, கதவிடுக்கில் அடித்து இறுக்கிய ஆப்பைப் போல, சக்கரமும் ஹப்பும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த அரிமானத்தின் இயல்பும் அதைத் தடுக்கும் வழியும் கார்களுக்கு வெகுகாலம் முன்பே ஒரு கப்பலில் வெளிப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்தைக் கடற்புழுக்களிடமிருந்து காப்பதற்காகச் செப்புத் தகடுகளால் மூடியது. மேற்கிந்தியக் கடற்பகுதிக்குச் சென்று திரும்பிய அந்தக் கப்பலைச் சோதித்தபோது, செப்போடு நேரடியாகத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் நடுவில் தங்கிவிட்ட இடங்களிலோ ஆணிகள் நன்றாகவே இருந்தன. லூயிகி கால்வானி மின்சாரம் பற்றிய தம் ஆய்வை 1791இலும், அலெசாண்ட்ரோ வோல்டா தம் மின்கலத்தை 1800இலும் வெளியிடுவதற்கு முன்பே, இரண்டு உலோகங்களுக்கு நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் போதும் என்ற பாடத்தை ஒரு துண்டுத் தாள் கற்பித்துவிட்டது. இன்று சில அலாய் வீல்களின் நடுத்துளையில் பொருத்தப்படும் பிளாஸ்டிக் வளையம், சக்கரத்தை மையப்படுத்துவதோடு, அந்தத் தாளின் வேலையையும் செய்கிறது.

உப்பு எங்கிருந்து வருகிறது

பனி பெய்யும் நாடுகளில் இந்தச் சிக்கல் மிகவும் கடுமையானது. கனடா, பிரிட்டன், அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகிய இடங்களில் சாலையில் பனி உறையாமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் உப்பு தூவப்படுகிறது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும்; போதிய அளவு உப்பு கரைந்த நீரோ ஏறத்தாழ −21 டிகிரி வரை உறையாமல் இருக்கும். அந்த உப்புநீரைச் சக்கரங்கள் வாரியடித்துக்கொண்டே ஓடுவதால் ஹப்பின் இடுக்குகளில் எல்லாம் அது புகுந்துவிடுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், தனிச் சக்கரங்களில் அந்த டயர்களை வைத்திருப்போர் ஆண்டுக்கு இருமுறை சக்கரங்களைக் கழற்றி மாட்டுகின்றனர். இப்படி அடிக்கடி கழற்றப்படும் சக்கரங்களில் இறுக்கம் முற்றுவதற்கு இடமில்லை. ஆண்டு முழுவதும் ஒரே சக்கரங்களில் ஓடும் கார்களில்தான் அது முற்றுகிறது.

தமிழகத்தில் சாலைக்கு உப்பு தூவும் தேவை இல்லை. ஆயினும் கடற்கரை ஊர்களில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் வீட்டு ஜன்னல் கம்பிகளிலும் கேட்டுகளிலும் துரு விரைந்து ஏறுவதற்கு இதுவே காரணம். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடும் முறையை ஆராய்வதற்கு மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனைக் களத்தை அமைத்ததிலிருந்தே, இந்தக் கடலோரக் காற்றின் அரிக்கும் தன்மை எத்தகையது என்பது விளங்கும். மழைநீர் தேங்கிய தெருக்களில் ஓடுவதும், ஈரத்தோடு காரை நாட்கணக்கில் நிறுத்திவைப்பதும் இறுக்கத்தை மேலும் வளர்க்கும்.

கழற்றும் முறை

இறுகிய சக்கரத்தைக் கழற்ற முனையும் முன் மூன்று முன்னெச்சரிக்கைகள் தேவை. கார் சமதளத்தில் நிற்க வேண்டும். எதிர்ப்புறச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், எடையைத் தாங்கும் ஸ்டாண்டின் மேல் காரை இறக்கியிருக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் சக்கரத்தை உதைத்தால் கார் சரிந்து விழக்கூடும் என்பதால், சாலையோரத்தில் பலரும் முதலில் செய்யத் துணியும் அந்தச் செயலே எல்லாவற்றிலும் ஆபத்தானது. நட்டுகளை முழுவதும் கழற்றிவிடாமல், இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்திய நிலையில் ஸ்டட்டிலேயே விட்டுவைப்பது நல்லது. சக்கரம் சட்டென்று விடுபட்டாலும் ஆள் மேல் விழாது.

முதலில், நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, கழுத்தும் துளையும் சேரும் வளைய இடுக்கில் துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு விட்டு அரைமணி நேரம் காத்திருக்கலாம். டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காமல் போகும் என்பதால், அளவாக விடுவதும், சிந்தியதை உடனே துடைப்பதும், சக்கரம் கழன்றதும் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் சுத்தம் செய்வதும் இன்றியமையாதவை. பிறகு ரப்பர் சுத்தியலால் டயரின் பக்கச்சுவரில் தட்டி, சக்கரத்தைச் சிறிது சுழற்றி மீண்டும் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட, எதிரெதிர் இடங்களில் மாறி மாறித் தட்டுவது படிந்த அடுக்கைச் சிறிது சிறிதாக உடைக்கும். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அலாய் வீலில் அடித்தால் விளிம்பு நெளியலாம், விரிசல் விடலாம். அந்த அதிர்ச்சி உள்ளேயுள்ள பேரிங்கையும் கெடுக்கலாம்.

இதற்கும் மசியாத சக்கரத்தைக் காரின் எடையைக்கொண்டே விடுவிக்கும் வழி உண்டு. நட்டுகளை அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை மட்டும் தளர்த்தி, காரைத் தரையில் இறக்கி, ஆளரவமற்ற சமதளத்தில் நடை வேகத்துக்கும் குறைவாக ஒரு மீட்டர் அளவு முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக் பிடித்தால், பெரும்பாலும் ‘டக்’கென்ற ஓசையோடு பிடிப்பு விடும். ஓசை கேட்டதும் நிறுத்தி, மீண்டும் காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றலாம். பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. முயற்சி பலிக்காவிட்டால், நட்டுகளை முறையாக இறுக்காமல் காரை அங்கிருந்து எடுக்கவும் கூடாது.

வெப்பமும் உதவும். ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடைகிறது. ஏறத்தாழ 60 மி.மீ. விட்டமுள்ள நடுத்துளையை 50 டிகிரி சூடேற்றினால் அது 0.07 மி.மீ. அளவு விரியும். இது சிறிய அளவே என்றாலும், ஹப் சூடேறுவதற்குள் தட்டினால் பிடிப்பைத் தளர்த்தப் போதுமானதாக அமையக்கூடும். இதற்குச் சக்கரத்தின் நடுப்பகுதியில் வெந்நீர் ஊற்றுவதே போதும். தீச்சுடரை நெருங்கவிடக் கூடாது. அலாய் வீலின் வலிமை, கட்டுப்படுத்தப்பட்ட வெப்பப் பதனிடலால் வந்தது. மிகைச் சூடு அந்த வலிமையைக் குலைத்துவிடும். சூடேறிய டயருக்குள் ரப்பர் சிதைந்து வாயுக்கள் உருவாகி, டயர் வெடிக்கும் அபாயமும் உண்டு. மேற்கூறிய வழிகள் பலிக்காதபோது, சக்கரத்தைச் சீராக இழுத்தெடுக்கும் புல்லர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பை நாடுவதே அறிவுடைமை.

தடுக்கும் வழி

கழன்ற சக்கரத்தை அப்படியே திரும்ப மாட்டிவிட்டால் அதே இறுக்கம் மீண்டும் வரும். ஹப்பின் கழுத்தையும் முகப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். சக்கரத்தின் நடுத்துளையிலுள்ள வெண்பொடியை, உலோகத்தைக் கீறாத உராய்வுத் துணியால் அகற்ற வேண்டும். முகப்பில் துருத்துணுக்கு தங்கிவிட்டால் சக்கரம் சீராக அமராது. ஓட்டத்தில் அந்தத் துணுக்கு நொறுங்கும்போது நட்டும் தளர்ந்துவிடும். பிறகு கழுத்தில் மட்டும், இறுகுவதைத் தடுக்கும் செராமிக் பேஸ்ட்டை மிக மெல்லிய படலமாகத் தடவலாம். செம்பும் அலுமினியத்தோடு மின்கலம் அமைக்கும் உலோகமே என்பதால், செப்புத்தூள் கலந்த கிரீஸைவிட உலோகம் கலவாத பேஸ்ட் ஏற்றது.

ஸ்டட்டின் மரைகளிலும் நட்டு உட்காரும் இடத்திலும், கார் நிறுவனத்தின் கையேடு சொன்னாலன்றி எதையும் தடவக் கூடாது. நட்டை இறுக்கும்போது செலுத்தும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது. ஸ்டட்டை இழுத்துப் பிடிக்க எஞ்சுவது ஒரு பங்குதான். எண்ணெயோ கிரீஸோ உராய்வைக் குறைத்துவிட்டால், அதே அளவு இறுக்கியும் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டு, முறியும் நிலைக்கு வரக்கூடும். சிறிய கார்கள் பலவற்றுக்கும் இறுக்க அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி அமைகிறது. கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குவதும், 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபார்ப்பதும் முறையான வழக்கம்.

டயர்களை இடம் மாற்றும்போதோ ஆண்டுப் பராமரிப்பின்போதோ நான்கு சக்கரங்களையும் கழற்றி ஹப்பைச் சுத்தம் செய்யும்படி மெக்கானிக்கிடம் சொல்வதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. படிந்த அடுக்கு மெல்லியதாக இருக்கும்போதே அகற்றப்படுவதால், அடுத்த முறை சக்கரம் கையோடு வந்துவிடும். அந்த வேலை நடக்கையில், காரில் உள்ள ஜாக்கியும் ஸ்பேனரும் உண்மையில் பயன்படுகின்றனவா என்பதையும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் உரிமையாளர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சக்கரம் இறுகியிருப்பதை ஒர்க்‌ஷாப்பில் அறிந்தால் அது ஒரு மணி நேர வேலை. நள்ளிரவில், நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் விரையும் இருட்டில் அறிந்தால் அது உயிரோடு விளையாடும் வேலை. கார் ஓட்டும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கொரு முறை இந்தச் சிறு பராமரிப்பைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.