அளந்து வெட்டும் இயந்திரம்

தில்லி மாநகரின் தென்பகுதியில், வெளிவட்டச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது முனிர்கா. பழைய சிற்றூரின் குறுகிய தெருக்களும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அங்கே அருகருகே விளங்குகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அப்பகுதியில் வாழ்கின்றன. அங்குள்ள மரச்சாமான் கடைகளில் மேசைகளும் அலமாரிகளும் வரிசையாக நிற்கும். அவற்றுள் பலவற்றின் மேற்பரப்பு தேக்குப் போலத் தோன்றும். ஆனால் அது தேக்கு அன்று. ஒட்டுப்பலகையின்மீது ஒட்டப்பட்ட மெல்லிய லேமினேட் தகடே அது. மக்கள் அதனை 'மைக்கா' என்றும் 'சன்மைக்கா' என்றும் அழைப்பர்.

தாளே தகடாகிறது

மைக்கா என்பது உண்மையில் ஒரு கனிமத்தின் பெயர். தமிழில் அது காக்காய்ப்பொன் எனப்படும். மின்சாரம் கடத்தாத பொருளாக அது மின்கருவிகளில் பயன்பட்டு வந்தது. 1913ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவைச் சேர்ந்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்னும் இருவர் அதற்கு மாற்றாகப் பிசின் ஊட்டிய தகட்டை உருவாக்கினர். மைக்காவுக்கு மாற்று என்னும் பொருளில் அதற்கு 'ஃபார்மைக்கா' எனப் பெயரிட்டனர். இன்று அலமாரியில் ஒட்டப்படும் தகட்டில் அக்கனிமம் இல்லை. பெயர் மட்டும் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

இத்தகட்டின் பெரும்பகுதி தாளே ஆகும். பீனால் பிசினில் தோய்த்த பழுப்புநிறத் தாள்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் மரவரி அச்சிடப்பட்டு, மெலமின் பிசினில் தோய்த்த தாள் வைக்கப்படுகிறது. இவ்வடுக்கு மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அழுத்தப்படும்போது பிசின் இறுகி, தாள்கள் அனைத்தும் ஒரே தகடாகின்றன. ஒருமுறை இறுகிய இப்பிசின் மீண்டும் உருகாது. அதனால்தான் சூடான தேநீர்க் குவளையை வைத்தாலும் மேசை எளிதில் கெடுவதில்லை.

ஆனால் இக்கடினமே வெட்டுபவருக்கு இடர் தருகிறது. தகடு வளையும், அளவுக்கு மீறினால் முறியும். கூர் மழுங்கிய வாளால் அறுத்தால் ஓரம் பல்பல்லாகப் பெயரும். உரசலின் சூட்டில் அது உருகாமல் கருகும். வெட்டும் கருவியின் கூரையும் விரைவில் மழுங்கச் செய்யும்.

எண்களால் இயங்கும் கருவி

தச்சர்கள் நெடுங்காலமாகக் கூரிய கத்தியால் தகட்டில் கோடு கீறி, அக்கோட்டின் வழியே முறித்து வந்தனர். நேர்க்கோட்டிற்கு அம்முறை போதும். வளைவுகளும் துளைகளும் ஒரே அளவில் நூறு துண்டுகளும் வேண்டுமெனில் சி.என்.சி. ரௌட்டர் கைகொடுக்கிறது. எண்களைக் கொண்டு கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம் என்பது இப்பெயரின் பொருள். எண்களால் இயங்கும் வெட்டும் இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. அன்று துளையிட்ட தாள்நாடா அதற்குக் கட்டளைகளை வழங்கியது. இன்று அப்பணியைக் கணினிக் கோப்பு செய்கிறது.

ரௌட்டரின் வெட்டலகு மூன்று திசைகளில் நகரும்: நீளவாக்கில், அகலவாக்கில், மேலும் கீழுமாக. 'ஜி 1' என்னும் கட்டளை வந்தால் அது நேர்க்கோட்டில் வெட்டிச் செல்லும். 'ஜி 2', 'ஜி 3' ஆகியவை வந்தால் வளைவாக வெட்டும். சொன்னதை அது பிழையின்றிச் செய்யும். சொன்னது சரியா என்று கேட்காது.

மூன்று கவனங்கள்

முதலாவது, தகட்டை அசையாமல் பிடித்தல். 1 மி.மீ. தகடு வெட்டும்போது அதிர்ந்தால் ஓரம் பிய்ந்துவிடும். எனவே அடிப்பலகையின் வழியே காற்று உறிஞ்சப்படுகிறது. மேலேயுள்ள காற்றின் அழுத்தம் தகட்டைப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. துண்டு சிறிதாயின் பரப்பும் சிறிதாகும், பிடியும் தளரும். அத்தகைய துண்டுகளை முழுவதும் அறுத்துவிடாமல், ஆங்காங்கே சிறு இணைப்புகளை விட்டுப் பின்னர்க் கையால் நீக்குவர்.

இரண்டாவது, வேகப் பொருத்தம். வெட்டலகு நிமிடத்திற்கு 18,000 முறை சுழல்வதாகவும், அதில் 2 வெட்டு விளிம்புகள் இருப்பதாகவும், ஒவ்வொரு விளிம்பும் 0.1 மி.மீ. சீவுவதாகவும் கொள்வோமெனில், அது நிமிடத்திற்கு 3,600 மி.மீ. முன்னேற வேண்டும். அதைவிட மிக மெதுவாகச் சென்றால் வெட்டாமல் உரசிச் சூடேறும். மிக விரைந்து சென்றால் ஓரத்தைப் பெயர்க்கும். தகடு அலகின் கூரை மழுக்குவதால், மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு அலகுகளே இதற்கு ஏற்றவை.

மூன்றாவது, மூலைகள். தகட்டின் நடுவே திறப்பு வெட்டும்போது அதன் உள்மூலை கூராக இருந்தால், அங்கிருந்தே விரிசல் தொடங்கும். விசை முழுவதும் அக்கூர் முனையில் குவிவதே காரணம். விமானச் சன்னல்களின் மூலைகள் வளைவாக இருப்பதும் இதனால்தான். 6 மி.மீ. விட்டமுள்ள வட்ட அலகு, உள்மூலையில் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவைத் தானே அமைத்துவிடுகிறது.

ஆறு மில்லிமீட்டரின் விலை

ஒரு பள்ளிக்கு 48 மேசைகள் செய்ய வேண்டும். ஓரம் சீவுவதற்கான மிகுதியையும் சேர்த்து, ஒவ்வொரு மேசைக்கும் 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் உள்ள துண்டு தேவை. கடையில் கிடைக்கும் தகடு 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அதாவது ஏறத்தாழ 2,440 மி.மீ., 1,220 மி.மீ. மரவரி நீளவாக்கில் ஓடுவதால் துண்டுகளைத் திருப்பி அடுக்க இயலாது.

அலகின் விட்டம் 6 மி.மீ. எனில், ஒவ்வொரு வெட்டும் 6 மி.மீ. தகட்டைத் தூளாக்கும். நீளவாக்கில் 4 துண்டுகளுக்கு இடைவெளியோடு 2,418 மி.மீ. ஆகும். அகலவாக்கில் 3 துண்டுகளுக்கு 1,212 மி.மீ. ஆகும். இரண்டும் தகட்டுக்குள் அடங்குவதால் 12 துண்டுகள் கிடைக்கும். 48 மேசைகளுக்கு 4 தகடுகள் போதும்.

அலகின் விட்டம் 12 மி.மீ. எனில், அகலவாக்கில் 1,224 மி.மீ. தேவைப்படும். தகட்டின் அகலமோ 1,220 மி.மீ. தான். வெறும் 4 மி.மீ. குறைவதால் ஒரு வரிசையே இழப்பாகும். 8 துண்டுகளே தேறும். 4 தகடுகளுக்குப் பதில் 6 தகடுகள் வாங்க நேரும். ஒவ்வொரு தகட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவாகும். உருகாத பிசினால் ஆனதாகையால், அக்கழிவை உருக்கி மீண்டும் தகடாக்கவும் இயலாது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. அலகு சுழலத் தொடங்கிய பின் செய்வதற்கு அதிகம் இல்லை. கண்ணாடியும் செவிக்காப்பும் அணிந்து, நுண்தூசியை உறிஞ்சும் கருவியை இயக்கி, அருகில் நின்று கவனிப்பதே தொழிலாளியின் பணி. எந்த அலகைப் பொருத்துவது, துண்டுகளை எப்படி அடுக்குவது என்பவற்றை அவர் முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும். மேசையின் அழகிய மேற்பரப்பு வெட்டுமேடையில் மட்டும் உருவாவதில்லை. அதற்கு முன் தாளில் போட்ட கணக்கில் தொடங்குகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. லேமினேட் தகட்டுக்கு மைக்கா என்னும் பெயர் வழங்கக் காரணம் யாது?
2. உள்மூலைகள் வளைவாக வெட்டப்படுவது ஏன்?
3. அலகின் விட்டம் 8 மி.மீ. எனில் ஒரு தகட்டில் எத்தனை துண்டுகள் கிடைக்கும்? கணக்கிட்டு விளக்குக.