யாருடைய நம்பிக்கை?

கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடும். வெளியிலிருந்து ஒரு ஆசாமியை அழைத்து வந்து எம்.டி. நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உடனே ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை 'கிரேட் ஒயிட் ஹோப்' என்று எழுதுவது உண்டு. 'இவரை விட்டால் வேறு கதியில்லை' என்று அர்த்தம்.

சரி, நடுவில் எதற்கு 'வெள்ளை'? வவுச்சர் இல்லாமல் எதையும் நம்பாத பி.காம். புத்தி எனக்கு. தோண்டினேன். பூதம் கிளம்பியது!

1908, டிசம்பர் 26. சிட்னி நகரம். ஜாக் ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பர், கனடாக்காரர் டாமி பர்ன்ஸைப் பதினாலாவது ரவுண்டு வரை புரட்டியெடுத்தார். போலீஸே குறுக்கிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் முதல் கறுப்பு உலக சாம்பியன்! அவருடைய அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்தவர்கள்.

ஜெயித்துவிட்டு அடக்கமாக இருந்தாரா? அதுதான் இல்லை. தங்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே அடிப்பார். பறக்கிற கார், பட்டு உடுப்பு, வெள்ளைக்காரக் காதலிகள். வெள்ளை அமெரிக்காவுக்கு வயிறு பற்றியெரிந்தது. 'அந்தச் சிரிப்பைத் துடைக்க ஒரு வெள்ளையன் வேண்டும்' என்று தேட ஆரம்பித்தார்கள். அப்படித் தேடப்பட்டவர்தான் 'ஒயிட் ஹோப்'.

ரிடையர் ஆகி, பண்ணையில் உடம்பு பெருத்துக் கிடந்த ஜிம் ஜெஃப்ரீஸைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். அதுவரை தோற்றே அறியாத மாஜி சாம்பியன். தான் சாம்பியனாக இருந்தபோது ஜான்சனோடு மோத மறுத்தவரும் இவரேதான்!

1910, ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். நெவாடாவில் ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் 'நம்பிக்கை' தரையில் விழுந்தது.

அன்று ராத்திரி பல ஊர்களில் கலவரம். சுமார் 20 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். அவர்கள் செய்த குற்றம், தங்கள் ஆள் ஜெயித்ததற்கு சந்தோஷப்பட்டது.

வளையத்துக்குள் முடியாததை கோர்ட்டில் முடித்தார்கள். 1913ல், வெள்ளைக்காரப் பெண்ணோடு மாநில எல்லை தாண்டினார் என்று ஜான்சனுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை. ஜூரி முழுக்க வெள்ளையர். மனுஷர் நாட்டை விட்டே ஓடினார். 1915ல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்ட் அவரை 26வது ரவுண்டில் வீழ்த்த, ஒரு வழியாக 'ஹோப்' கிடைத்தது. அடுத்த கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயி வர, 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1920ல் நாடு திரும்பிய ஜான்சன் ஜெயிலுக்கும் போனார். 1946ல் இறந்தார். அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2018ல்!

நாளைக்கே உங்கள் ஆபீஸில் யாரோ ஒருவரை 'நம் ஒரே நம்பிக்கை' என்று மாலை போட்டு அழைத்து வரலாம். கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் யாருடைய நம்பிக்கை, யாரைக் கவிழ்க்க என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுத் தட்டுங்கள், ஸார்!