கால்நடை மருத்துவமனைக்கு எந்த சி.டி.?

எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வர, எதிர்ப்பக்கத்து உணரிகள் பதிவு செய்யும் அளவுகளைக் கணினி குறுக்குவெட்டுப் படங்களாக்குவதுதான் சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் இதை உருவாக்கியபோது, சோதனைக்கு இறைச்சிக் கடையிலிருந்து மாட்டு மூளையை வாங்கி வந்தார். 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979இல் நோபல் பரிசும் வந்தது. மாட்டு மூளையில் பழகிய இந்தக் கருவிக்குள் உயிருள்ள மாடு நுழைவது இன்றைக்கும் அரிது.

காரணம் எடை. மனிதர்களுக்கான சி.டி. மேசை ஏறத்தாழ 200 கிலோ தாங்கும். வளையத்தின் வாய் பெரும்பாலும் 70 செ.மீ. திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் பக்கத்துக் கலப்பினக் கறவை மாடு 350 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தீவனத்தோடு கம்பியை விழுங்கிய மாட்டுக்கு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை என்ற பழைய வழியே போதும். வெள்ளாடும் கன்றும் மேசைக்குள் அடங்கும். மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி வளர்ந்து ஒரே பக்கமாகச் சுற்றும் ஆட்டுக்கு, கட்டி இருக்கும் இடத்தை சி.டி. துல்லியமாகக் காட்டும். ஆனால் ஸ்கேன் செலவை ஆட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காத உரிமையாளர் யார்?

ஆகவே திண்டிவனம் வட்டாரத்தில் சி.டி. என்றால் நாய்க்கும் பூனைக்கும்தான். இங்கே மேல்சிகிச்சைக்கு வடக்கே சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, தெற்கே புதுச்சேரி குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி நிலையம் என இரண்டு திசை உண்டு. இடையில் ஒரு தனியார் மருத்துவமனை கருவி வாங்க நினைத்தால், முதலில் தன் நோயாளிப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வடியும் நாய்களில் பலவற்றுக்கு உண்ணிக் காய்ச்சலாக இருக்கும். அதற்கு ரத்தப் பரிசோதனையே போதும். அது இல்லை என்றான பிறகுதான் மூக்குக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க சி.டி. வேண்டும். முதுகெலும்பு இடைத்தட்டுப் பிதுங்கிப் பின்னங்கால் விழுந்த டாக்ஸ்ஹண்டு, நெடுஞ்சாலையில் அடிபட்டுத் தாடை நொறுங்கிய நாய், நுரையீரலுக்குப் புற்று பரவியதா என்ற சந்தேகம் ஆகியவை சி.டி.க்கு உரியவை. இப்படிப்பட்டவை மாதத்துக்கு இரண்டு மூன்றுதான் என்றால் வாங்குவதைவிட அனுப்பிவைப்பது மேல்.

வாங்குவது என்று முடிவானால், விற்பனையாளர் முதலில் சொல்வது ஸ்லைஸ் கணக்கு, அதாவது ஒரு சுற்றில் எடுக்கும் வெட்டுகளின் எண்ணிக்கை. 16 ஸ்லைஸ் கருவி ஒரு சுற்றில் சுமார் 10 மி.மீ. அகலத்தைப் பிடிக்கிறது, சுற்றுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. உடலுக்கு 60 விநாடி ஆகும். 64 ஸ்லைஸில் அகலம் 40 மி.மீ., சுற்றுக்கு அரை விநாடி என்றால் ஏழரை விநாடியில் வேலை முடியும். 'மூச்சைப் பிடி' என்று நாயிடம் சொல்ல முடியாது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு மயக்க மருந்து இயந்திரத்தின் பையை அழுத்திச் சில ஆழ்ந்த மூச்சுகள் கொடுத்தால் சிறிது நேரம் அதுவாகவே மூச்சை நிறுத்தும். நெஞ்சுப் படம் அந்த இடைவெளிக்குள் முடிந்தாக வேண்டும். தலையும் முதுகெலும்பும் மட்டும்தான் என்றால் 16 ஸ்லைஸே தாராளம்.

ஸ்லைஸைவிட முக்கியமானது நுணுக்கம். படம் 512க்கு 512 புள்ளிகளால் ஆனது. 50 செ.மீ. பரப்பைப் பிடித்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மி.மீ.; 10 செ.மீ. பரப்பில் அதுவே 0.2 மி.மீ. பூனையின் நடுச்செவியைப் பார்க்க வேண்டுமானால் பரப்பையும் குறைக்க வேண்டும், அரை மி.மீ. அளவுக்கு மெல்லிய வெட்டும் எடுக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன் பூனைத் தலை ஒன்றின் மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மின்சாரம். மும்முனை இணைப்பு இல்லாமல் பெரும்பாலான கருவிகள் ஓடாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்.ஸும் விலையோடு சேர்ந்த செலவு. அறைக்குக் குளிர்சாதனமும் வேண்டும். மயக்க மருந்து இயந்திரத்துக்கும் இடம் விட வேண்டும். ஸ்கேன் ஓடும்போது உள்ளே யாரும் நிற்காமல், ஈயக் கண்ணாடி வழியாகவே நாயின் மூச்சையும் மானிட்டரையும் கவனிக்கும்படி அறை அமைய வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கால்நடைக்கான கருவிக்கும் கட்டாயம். அறை வரைபடம், கதவின் ஈயத் தகடு, பணியாளர் அணியும் கதிர்வீச்சு அளவுப் பட்டை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

மனித மருத்துவமனை கழித்த பழைய கருவி மலிவாகக் கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது எக்ஸ்ரே குழாயின் வயது. எரியும் ஒவ்வொரு விநாடியும் குழாய் தேய்கிறது. மாற்றும் செலவு பல சமயம் கருவிக்குக் கொடுத்த விலையையே நெருங்கும். இதுவரை ஓடிய கணக்கை எழுத்தில் வாங்குவதும், பழுது என்றால் சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ பொறியாளர் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் அவசியம்.

கடைசியாக, படத்தைப் படிப்பவர். நாய்க்கு மார்பு முள்ளெலும்பு 13, இடுப்பில் 7. மனிதருக்கு 12, 5. மனிதருக்கான மென்பொருள் எலும்புகளைத் தானாக எண்ணிப் பெயரிட்டால் அறுவை சிகிச்சை தவறான இடத்தில் நடந்துவிடலாம். படங்களை டைகாம் என்ற பொதுவான மருத்துவப் பட வடிவில் வெளியே எடுக்க முடிந்தால், தொலைவில் இருக்கும் கால்நடைக் கதிரியக்க வல்லுநருக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். அந்த வசதிக்கு விற்பனையாளர் தனிக் கட்டணம் கேட்கிறாரா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.