கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறாரா? ஸ்பீக்கருக்கு அடியில் பாருங்கள்!

பாட்டுப் போட்டாலே ஷோகேஸ் கண்ணாடி கடகடக்கிறதா? 'எங்க வீட்டுக் கட்டில் வரைக்கும் அதிருது' என்று கீழ் வீட்டுக்காரர் புகார் சொல்கிறாரா? ஸ்பீக்கரை மாற்றும் முன், அது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது பெட்டியும் அதிர்கிறது. அது மேஜைக்கும் தரைக்கும் இறங்கினால், அவையும் கூடவே பாட ஆரம்பிக்கும். பேஸ் தெளிவிழந்து வெறும் 'தொம் தொம்' ஆகிவிடும்.

இதைத் தடுக்க, நடுவில் ஸ்பிரிங் போல ஒன்று வேண்டும். ரப்பர், ஃபோம் பேடுகளின் வேலை அதுதான். ஸ்பீக்கரின் எடையில் பேட் கொஞ்சம் அமுங்க வேண்டும். 3 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம் நொடிக்குச் சுமார் 9 முறை. ரப்பரில் இன்னும் சற்று கூடும். பேஸ் ஒலியோ நொடிக்கு 40 முறைக்கு மேல் அதிரும். இந்த இடைவெளிதான் காப்பாற்றுகிறது. அமுங்காத கெட்டி ரப்பரும், முழுக்க நசுங்கிப்போகும் ஸ்பான்ஜும் உதவாது.

கூரான ஆணிக் கால்கள் ஸ்பீக்கரை ஆடாமல் நிறுத்தும், அதிர்வைத் தடுக்காது. உயரமான ஸ்பீக்கரை மெத்தென்ற பேடில் வைத்தால் சாயலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

ரெக்கார்ட் பிளேயரை ஸ்பீக்கர் இருக்கும் பலகையிலேயே வைக்காதீர்கள். ஊசி, பலகையின் அதிர்வையும் சேர்த்துப் படிக்கும். அது மறுபடி ஸ்பீக்கர் வழியே வந்து ஊளையிடும்.

காற்று வழியே போகும் சத்தத்தை மட்டும் எந்தப் பேடும் நிறுத்தாது. இரவு 10 மணிக்கு மேல் வால்யூமைக் குறைப்பதுதான் ஒரே வழி!