மார்கழிக் குளிரில் மூச்சு இளைக்குதா?

குட்டீஸ்! மார்கழி மாதம் என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? வாசல் நிறையக் கோலம், அதன் நடுவே பூசணிப்பூ, கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல், அரையாண்டு விடுமுறை... அப்பப்பா, ஒரே கொண்டாட்டம்தான்!

ஆனால், உங்கள் வகுப்பில் இருக்கும் சிலருக்கு மார்கழி என்றாலே பயம். நடு ராத்திரியில் இருமல் தொடங்கும். படுத்தால் மூச்சு விட முடியாது. எழுந்து உட்கார்ந்தால், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல 'கொய்ங்... கொய்ங்...' என்று சத்தம் கேட்கும். இதைத்தான் வீட்டில் 'வீசிங்' என்கிறோம். பாட்டி 'இழுப்பு' என்பார். டாக்டர்கள் சொல்லும் பெயர் ஆஸ்துமா.

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. அதனால், வீசிங் உள்ள நண்பரை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஸ்ட்ரா வழியாக மட்டும் ஐந்து முறை மூச்சு விடுங்கள். கஷ்டமாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வீசிங் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே!

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் உட்சுவர் எப்போதும் லேசாகப் புண்பட்டது போலவே இருக்கும். ஏதாவது ஒன்று அதைச் சீண்டினால், மூன்று காரியங்கள் நடக்கும். உட்சுவர் வீங்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உள்ளே சளி சேரும். அகலமாக இருந்த குழாய் ஸ்ட்ரா போல ஒடுங்கிவிடும். அந்த இடுக்கில் காற்று நுழைந்து வரும்போதுதான் விசில் சத்தம் கேட்கிறது.

குளிர் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்

நம் மூக்கு ஒரு நல்ல வெந்நீர் அடுப்பு! வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியையும் வடிகட்டி அனுப்புகிறது. ஓடும்போதும், மூக்கு அடைத்திருக்கும்போதும் நாம் வாயால் மூச்சு விடுகிறோம். அப்போது குளிர்ந்த காற்று அப்படியே உள்ளே போய் மூச்சுக்குழாயைச் சீண்டுகிறது. இந்த மாதங்களில் ஜலதோஷமும் வீட்டுக்கு வீடு சுற்றும். குழந்தைகளுக்கு வீசிங்கைக் கிளப்பிவிடுவதில் ஜலதோஷக் கிருமிகளுக்குத்தான் முக்கிய இடம்.

அடுத்தது புகை. பகலில் தரை சூடாகி, காற்றும் சூடாகி மேலே எழும்பும். அதோடு புகையும் மேலே போய்விடும். பனிக்கால விடியலில் கதை வேறு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே இருப்பது மூடி போட்டது போல ஆகிவிடுவதால், வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் நம் மூக்கின் உயரத்திலேயே தங்கிவிடும்.

இதற்குச் சரியான உதாரணம் போகிப் பண்டிகை. 2018ம் ஆண்டு போகியன்று, சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து, விமான ஓடுபாதையே தெரியாமல் போனது. பல விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், ஒடுங்கிப்போன சின்ன மூச்சுக்குழாய் என்ன பாடுபடும்?

புகையில் உள்ள மிக நுண்ணிய துகளை 'பி.எம். 2.5' என்கிறார்கள். அதன் அகலம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதைவிடக் குறைவு. நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு! மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்.

காற்று எப்படி இருக்கிறது என்று சொல்ல, இந்தியாவில் 2015 முதல் 'காற்றுத் தரக் குறியீடு' வெளியிடுகிறார்கள். 0 முதல் 50 வரை நல்ல காற்று. 51 முதல் 100 வரை பரவாயில்லை. 100ஐத் தாண்டினாலே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலாம். 200க்கு மேல் மோசம், 300க்கு மேல் மிக மோசம், 400க்கு மேல் மிகவும் ஆபத்து. அப்பாவின் செல்போனில் காலையில் இதைப் பார்த்துச் சொல்லும் வேலையை இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன்!

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

1955ம் ஆண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் மெய்சன் என்பவர் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் பந்தை அழுத்தி மருந்தைத் தெளிக்கும் கண்ணாடிக் கருவியைத்தான் அப்போது பயன்படுத்தினார்கள். அது எளிதில் உடையும்; ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து வராது. "தலைக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி, என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தர முடியாதா?" என்று அப்பாவிடம் அவள் கேட்டாள். அடுத்த ஆண்டே, அழுத்தினால் அளவாக மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. உங்கள் வயதுச் சிறுமி கேட்ட கேள்வி, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு மூச்சுத் தருகிறது!

ஆனாலும், "இன்ஹேலரா? பழகிவிடுமே!" என்று பயப்படும் பெரியவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். சால்பியூட்டமால் என்ற மருந்து, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வரும். அதே மருந்தின் சிறிய மாத்திரையில் 2 மில்லிகிராம் இருக்கும். அதாவது, 2,000 மைக்ரோகிராம். 20 மடங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி வர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. அதனால்தான் கொஞ்சம் மருந்தே போதும்.

இரண்டு இன்ஹேலர், இரண்டு வேலை

பலருக்கு டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுப்பார். ஒன்று, திணறல் வந்ததும் இறுகிய தசையைத் தளர்த்தும் அவசர இன்ஹேலர். இது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். இன்னொன்று, உள்வீக்கத்தைக் குறைத்து, வீசிங் வராமலே தடுக்கும் தினசரி இன்ஹேலர். இதைப் பயன்படுத்திய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, "இப்போதுதான் நன்றாக இருக்கிறதே" என்று தினசரி இன்ஹேலரை நிறுத்திவிடுவது. நன்றாக இருப்பதே அதனால்தானே! டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பனிக்காலத்துக்கு சில டிப்ஸ்

* பரணில் இருந்து எடுத்த கம்பளியை அப்படியே போர்த்திக்கொள்ளாதீர்கள். துவைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

* காலையில் வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மூடி மப்ளர் கட்டுங்கள். அது குளிரைத் தணிக்கும். ஆனால், புகையை வடிகட்டாது. புகை இருக்கும் இடத்தில் இருந்து விலகிப் போவதே வழி.

* போகி விடியலில் ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று தெருவில் உள்ளவர்களிடம் முதல் நாளே பெரியவர்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

* கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். படுக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் வேண்டாம்.

* விளையாடும் முன் பத்து நிமிடம் மெதுவாக நடந்து, கை கால்களை அசைத்து உடம்பைச் சூடேற்றுங்கள்.

* அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஜலதோஷம் பரவுவது குறையும்.

விளையாட்டையே விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! இங்கிலாந்து வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயதில் ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. அவர் 2003ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2019 வரை யாராலும் முடியவில்லை.

நண்பனுக்குத் திணறினால்...

இது எல்லாருக்குமான பகுதி. வகுப்பில் ஒருவருக்குத் திணறல் வந்தால், நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் ஓடிப்போய் ஆசிரியரை அழைத்து வரட்டும்.

ஆஸ்திரேலியாவில் 'நான்கு, நான்கு, நான்கு' என்று ஒரு சுலபமான முறை சொல்லித் தருகிறார்கள். நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, 4 முறை மூச்சு இழுத்து விட வேண்டும். இப்படி 4 தடவை. பிறகு 4 நிமிடம் காத்திருக்க வேண்டும். டாக்டர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால், அதன்படியே செய்யுங்கள். அப்படியும் குறையாவிட்டால், 108க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுகிறது என்றால், காத்திருக்காமல் உடனே 108!

இதெல்லாம் நடக்க வேண்டுமானால், இன்ஹேலர் கைக்கு எட்ட வேண்டும் அல்லவா? கேலி செய்வார்களோ என்று பயந்து, சிலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். சிலர் கழிப்பறைக்குள் போய்த் தனியாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே திணறல் அதிகமானால் யார் பார்ப்பார்கள்? கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறோமா, என்ன? மூச்சு விடுவதற்கு ஏன் வெட்கம்?

வீசிங் உள்ள குட்டீஸ், நாளைக்கே இன்ஹேலரைப் பையின் முன் அறைக்கு மாற்றுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியரிடமும், பக்கத்தில் உட்காரும் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள். மற்ற குட்டீஸ், உங்கள் வேலை அதைவிடச் சுலபம். நண்பர் இன்ஹேலரை எடுக்கும்போது சிரிக்காமல் இருங்கள். அவருடைய பையை யார் ஓடிப்போய் எடுத்து வருவது என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சரியா?